கலைடொஸ்கோப்பும் கணனித் தூரிகையும்

கணனியில் சமச்சீரான சித்திரம் வரைவது இன்று பாடசாலைப் பிள்ளைக்கும் எளிதான காரியம். ஒரு கோட்டை இழுத்தால் திரையில் எட்டுக் கோடுகள் எழுகின்றன. பத்திரிகையொன்றின் பொங்கல் மலருக்குப் பக்க அலங்காரம் செய்த இளம் ஓவியர், ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளில் இதனைச் செய்து காட்டினார். என் கவனத்தை ஈர்த்தது அவரது சித்திரமன்று. தூரிகையின் அமைப்புகளுக்கிடையே இருந்த ஒரு சிறு சதுரப் பெட்டியின் பெயர்தான். கலைடொஸ்கோப் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். இருநூறு ஆண்டுக் கதையொன்று அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

ஸ்கொட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் ஒளியியல் ஆய்வுகளின்போது 1816 இல் இக்கருவியைக் கண்டறிந்தார். அழகிய வடிவங்களைக் காண்பது என்று பொருள்பட கிரேக்கச் சொற்களால் பெயர் சூட்டினார். 1817 இல் ஆக்கவுரிமையும் பெற்றார். ஆனால் கருவி கடைக்கு வருமுன்னரே போலிகள் வந்துவிட்டன. மூன்றே மாதங்களில் லண்டனிலும் பாரிசிலும் இரண்டு இலட்சம் விற்பனையானதாக அவரே கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த பணமோ அற்பம். உலகம் அதை விளையாட்டுப் பொருளாகவே எடுத்துக்கொண்டது. புரூஸ்டரோ அதைச் சித்திரக்காரரின் கருவி என்றே கருதினார். ஆயிரம் ஓவியர்கள் ஓராண்டில் கற்பனை செய்ய இயலாதவற்றை அது ஒரு மணிநேரத்தில் தரும் என்பது அவரது வாதம். இன்றைய மென்பொருள் விளம்பரங்கள் இதைவிடக் கூடுதலாக எதைச் சொல்லிவிட்டன?

1819 இல் அவர் எழுதிய நூலில்தான் விடயம் இருக்கிறது. இரு கண்ணாடிகளையும் எந்தக் கோணத்தில் வைப்பது என்பதே முதற் கேள்வி. 60 பாகை வைத்தால் வட்டம் ஆறு கூறாகும், 45 வைத்தால் எட்டாகும். 72 வைத்தால் ஐந்து. இங்கேதான் சிக்கல். கண்ணாடிப் பிம்பம் இடம்வலம் மாறுவதால் கூறுகள் நேர், மறுதலை, நேர், மறுதலை என்று மாறிமாறி வரவேண்டும். ஐந்தாவது கூறும் முதலாவதும் ஒன்றாகவே நேராக நிற்கும், பொருத்து உடைந்துவிடும். ஒழுங்கற்ற பொருளாயின் கூறுகள் இரட்டைப்படையாகவே இருக்கவேண்டும் என்றார் புரூஸ்டர்.

ஜிம்ப்பின் 2.10 ஆம் பதிப்பு 2018 இல் வெளிவந்தபோது சமச்சீர் வரைதலும் உடன் வந்தது. அதில் மண்டலா என்ற வகையைத் தெரிந்தால் மையத்தின் இடத்தையும் கூறுகளின் எண்ணிக்கையையும் கேட்கும். பெட்டியில் சரிக்குறி இல்லையேல் ஒவ்வொரு பிரதியும் வெறுமனே சுழலும். ஐந்து இதழ்ப் பூவும் தடையின்றி வரும். சரிக்குறி இட்டால் அடுத்தடுத்த பிரதிகள் இடம்வலம் புரளும். உடனே புரூஸ்டரின் விதி விழித்துக்கொள்கிறது: ஆறோ எட்டோ தருக, ஐந்து வேண்டாம். தூரிகை முனை சாய்வானதாயின் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முனையை உருமாற்றாதே என்ற தெரிவை இட்டால் கோடுகள் சமச்சீராக நின்றாலும் முனைகள் யாவும் ஒரே பக்கம் சாயும். ஒரு விடயத்தில் மட்டும் கணனி முந்திவிட்டது. கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஒவ்வொரு முறையும் பிம்பம் சற்று மங்கும். திரையில் எட்டாவது பிரதியும் முதலாவதைப் போலவே துலங்கும்.

பொங்கல் மலர் என்றதும் கோலம் வந்தே தீரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணியும் அவரது குழுவினரும் 1970 களிலேயே கோலத்தைக் கணனி அறிவியலின் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தார்கள். இதுபற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். பல கம்பிக் கோலங்களைக் கால்வட்டம் திருப்பினால் தம்மோடு ஒத்துவரும். கண்ணாடியில் காட்டினால் ஒத்துவரா. ஆகவே அவற்றுக்கு அந்தப் பெட்டியில் சரிக்குறி ஆகாது. சதுரத் தாளில் மையத்தை நடுப்புள்ளியில் நிறுத்தி, எண்ணிக்கையை நான்காக்க வேண்டும்.

அப்போதும் மென்பொருள் தருவது நான்கு தனி இழைகளையே. அவை ஒரே கம்பியாக வேண்டுமாயின், தொடங்கிய இடம் கால்வட்டம் திரும்பி எங்கே விழுகிறதோ, சரியாக அங்கே கோட்டை முடிக்கவேண்டும். அந்த ஓவியருக்கு இது நான்காம் முயற்சியில் கைகூடியது. அருகில் நின்று பார்த்த அவரது தாயார், புள்ளி வைக்காமல் தொடங்கினால் இப்படித்தான் என்றார்.