பினாங்கு மின் வண்டிகளும் கதிர்வீச்சு அச்சமும்



மின்கார்களுக்கு மின்னேற்றும் நிலையங்கள் இன்று பேரங்காடிகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் எழுந்து வருகின்றன. "அங்கே கதிர்வீச்சு வருமாமே, பிள்ளைகளுக்கு ஆகாதாமே" என்ற அச்சமும் உடன் எழுகிறது. இதை நகைத்து ஒதுக்குவது முறையன்று. அளந்து பார்ப்பதே முறை.

மின்சாரத்தால் ஓடும் வண்டி பினாங்குக்குப் புதியதன்று. 1906இல் ஜார்ஜ்டவுனில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. ஆயர் ஈத்தாம் வரை சென்றது. 1925இல் டிராலி பஸ் வந்தது. டிராம் 1936இலும், டிராலி பஸ் 1961இலும் விடைபெற்றன. ஆக, 55 ஆண்டுகள் நம் முன்னோர் மின்கம்பிகளின் கீழே நடமாடினார்கள்.

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும் என்று டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்தார். 100 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் அப்புலம் சுமார் 7 மைக்ரோடெஸ்லா. நம் வட்டாரத்தில் பூமியின் காந்தப்புலமோ சுமார் 40 மைக்ரோடெஸ்லா!

டிராமுக்கு மேலே ஒரு கம்பி; மின்னோட்டம் திரும்பும் வழியோ கீழே உள்ள தண்டவாளம். பயணிகள் இரண்டுக்கும் நடுவே அமர்ந்திருந்தனர். டிராலி பஸ்ஸுக்குத் தண்டவாளம் இல்லை. போகவும் திரும்பவும் இரு கம்பிகள் மேலேயே அருகருகே ஓடின. இன்றைய மின்னேற்றுக் கம்பியிலோ இரு வழிகளும் ஒரே உறைக்குள் ஒட்டி அமைகின்றன. எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடும். கம்பிகள் நெருங்க நெருங்க வெளியே எஞ்சும் புலம் குறைந்தே வந்திருக்கிறது.

'கதிர்வீச்சு' என்னும் சொல்லே பலரை மிரட்டுகிறது. 1895இல் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்க வல்லது. நம் வீட்டு மின்சாரமோ நொடிக்கு 50 முறை மட்டுமே அலைவது. அதற்கு அவ்வாற்றல் இல்லை. பன்னாட்டுப் பாதுகாப்புக் குழு 2010இல் பொதுமக்களுக்கு வகுத்த எல்லை, இம்மின்சாரத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா.

ஆனால் முழுதும் கவலையற்று இருக்கலாமா? பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இல் இத்தகைய காந்தப்புலத்தைப் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற ஐயப்பட்டியலில் வைத்தது. குழந்தைகள் வீட்டில் நெடுங்காலம் கூடிய புலத்தில் வாழ்வதைப் பற்றிய ஆய்வுகளே அதற்கு அடிப்படை. காரணம் இதுவே என்று அவை நிறுவவில்லை. எனினும், மின்னேற்றுப் பெட்டியைப் படுக்கையறைச் சுவரில் பொருத்தாமல் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. தூரம் கூடக் கூடப் புலம் விரைந்து தேய்ந்துவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் என்ன செய்வது? ஜெர்மனியில் இதயக் கருவி பொருத்திய 130 பேரைக் கொண்டு 561 முறை மின்னேற்றிப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. எவருடைய கருவியும் தடுமாறவில்லை. இருந்தாலும், மின்னேற்றும்போது கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்காதிருப்பது அவர்களுக்கு நலம்.

நேயர்களே, கண்ணுக்குத் தெரியாத புலத்தை அஞ்சுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை மறந்துவிடுகிறார்கள். உறை கிழிந்த கம்பி, வெள்ளநீர் தேங்கிய தரை, தகுதியற்றவர் கைபட்ட மின் இணைப்பு, வீட்டு பிளக்கிலிருந்து இழுத்த மெல்லிய நீட்டிப்புக் கம்பி ஆகியவை உயிரைப் பறிக்கும், தீயை மூட்டும். உங்கள் குடியிருப்பில் மின்னேற்று நிலையம் அமைய இருந்தால், பொருத்துபவர் உரிமம் பெற்றவரா, கசிவு மின்னைத் துண்டிக்கும் கருவி உண்டா, மழைநீர் அங்கே தேங்குமா என்ற மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் கேளுங்கள்.

அச்சம் அறிவாக மாறும்போது அது நமக்குக் காவலாகிறது.