நிலவில் ஓடிய கடிகாரம் எங்கே?

நிலவில் முதன்முதலாக ஒரு மனிதன் கையில் கட்டி நடந்த கடிகாரம் இப்போது எங்கே? "ஸ்மித்சோனியன் மியூசியத்துலதான் இருக்கும்" என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் கதையே வேறு.

1964-ல் நாசா சில கம்பெனிகளின் கைக்கடிகாரங்களை வாங்கி, சூடு, குளிர், வெற்றிடம், அதிர்வு என்று படாத பாடு படுத்திச் சோதித்தது. தாக்குப்பிடித்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். 1965 மார்ச்சில் அதற்கு அனுமதி கிடைத்தது. பேட்டரி கிடையாது, கையால் சாவி கொடுத்தால் ஓடும். விண்வெளி உடைக்கு மேலே கட்டுவதற்கு நீளமான வெல்க்ரோ பட்டை.

1969 ஜூலை, அப்பல்லோ 11. மூன்று பேரிடமும் ஆளுக்கொரு ஸ்பீட்மாஸ்டர். ஈகிள் கலத்துக்குள் இருந்த டைமர் மக்கர் பண்ணியதால், ஆம்ஸ்ட்ராங் தன் கடிகாரத்தைக் கழற்றிக் கலத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார். அதாவது, நிலவில் கால் வைத்த முதல் மனிதரின் கையில் கடிகாரமே இல்லை! பின்னால் இறங்கிய ஆல்ட்ரின் கட்டியிருந்தார். காலின்ஸ் மேலே நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங், காலின்ஸ் கடிகாரங்கள் ஸ்மித்சோனியனின் விண்வெளி மியூசியத் தொகுப்பில் பத்திரமாக இருக்கின்றன. நிலவின் தரையில் நடந்த ஆல்ட்ரினின் கடிகாரம், அதே ஸ்மித்சோனியனுக்கு அனுப்பப்பட்டபோது வழியில் காணாமல் போனது. திருட்டுப் போய்விட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொரு கடிகாரமும் உண்டு. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட்டின் ஒமேகாவின் கண்ணாடி கழன்றுவிட்டது. கடைசி நிலவு நடைக்கு, தான் கொண்டுபோயிருந்த புலோவாவைக் கட்டிக்கொண்டார். ஒமேகாக்கள் அரசாங்கச் சொத்து, திருப்பித் தர வேண்டும். புலோவா அவருடைய சொந்தம். அதனால் அது 2015-ல் ஏலத்துக்கு வந்தது. விலை 16 லட்சம் டாலருக்கு மேல்!

எங்கள் ஆபீஸ் வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் ஓடிய சர்வரின் லாக் தொலைந்திருக்கும், தொடாத பேக்கப் மட்டும் பத்திரமாக இருக்கும். பிறகு அந்த பேக்கப்பை வைத்துத்தான் நடந்த கதையை எழுதுவோம்.

மியூசியமும் எஞ்சியதைத்தானே காட்ட முடியும்? அடுத்த தடவை கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போது, அந்தப் பொருள் சம்பவம் நடந்த நேரத்தில் யார் கையில், எங்கே இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.