நிலைத்து நின்றவையும் பிரிந்து சென்றவையும்: பெருங்கிரேன்களும் அவற்றின் சிறுமாதிரிகளும்

பெருங்கிரேன்களின் வரலாறு பெரும்பாலும் டன் கணக்காகவே எழுதப்படுகிறது. 1907இல் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில், ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் நிறுவிய டைட்டன் 150 டன் தூக்கியது. 1969இல் பெல்ஃபாஸ்டில் எழுந்த கோலியாத் 840 டன். 1970களில் ஸ்வீடனின் மால்மோவில் காக்கம்ஸ் தளத்துக் கிரேன் 1,500 டன். 2008இல் சீனாவின் யான்டாயில் டைசுன் 20,000 டன்னையும் தாண்டியது. இந்த ஏறுவரிசையில் பிழை இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஜெர்மனியின் நூரம்பெர்க் வட்டாரத்து நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக 1:50 அளவில் துத்தநாகக் கலவையில் வார்த்துவரும் சிறுமாதிரிகளில், சேகரிப்போர் தேடி வாங்குபவை இந்த உச்சத்துக் கிரேன்கள் அல்ல. இவற்றின் உச்சமான டைசுனைவிடக் குறைவாகத் தூக்கும், ஆனால் பிரித்து லாரியில் ஏற்றி இன்னொரு நாட்டில் மீண்டும் பூட்டத்தக்க கிரேன்களே அவை. பெருங்கிரேன் வரலாற்றின் பெரிய முறிவு எடையில் நிகழவில்லை, பெயர்ச்சியில் நிகழ்ந்தது என்பதும், சிறுமாதிரிக் கலை வளர்ந்தது அந்த முறிவின் விளைவாகவே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த முறிவின் தொடக்கத்தை நம் கடற்கரையிலேயே காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்ட, தண்டவாளத்தின் மேல் நகரும் நீராவிக் கிரேன்கள் பயன்பட்டன. தாம் அடுக்கிய கான்கிரீட் கட்டிகளின் மேலேயே முன்னேறி, அடுத்த கட்டியைக் கடலுக்குள் இறக்குவது அவற்றின் வேலைமுறை. 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகப் பணிக்கு டைட்டன் என்றே அழைக்கப்பட்ட அத்தகைய இரண்டு கிரேன்கள் வந்தன. பணி முடியும் தறுவாயில், 1881ஆம் ஆண்டுப் புயல் ஏறத்தாழ அரை மைல் நீளச் சுவரைச் சிதைத்து, இரு டைட்டன்களையும் தூக்கியெறிந்தது. சுவர் திரும்பக் கட்டப்பட்டது, துறைமுகம் நிலைத்தது. புயலே வராதிருந்தாலும் வேலை முடிந்ததும் அந்த இயந்திரங்களுக்கு அங்கே இடமிருந்திருக்காது. பிறகு இந்த வகைக் கிரேனின் வடிவம் எங்கே பிழைத்தது? லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்று, பின்னர் மெக்கானோ என்று பெயரிட்ட உலோகக் கட்டுமான விளையாட்டில்தான். 1920களின் இறுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட பெரிய மாதிரிகளின் வரிசையில், கட்டி இறக்கும் ராட்சதக் கிரேனுக்குத் தனிக் கையேடே இருந்தது. துளையிட்ட தகடுகளையும் பற்சக்கரங்களையும் பூட்டி அதைக் கட்டியவர்கள், சென்னைக் கரையில் தடயமில்லாது போன ஓர் இயந்திர வகையின் இயக்கத்தை மேசைமேல் மீட்டெடுத்தார்கள்.

நிலைத்து நின்ற கிரேன்களுக்கு இப்படியொரு மீட்பு தேவைப்படவில்லை. கிளைடுபேங்கில் கப்பல் தொழில் ஓய்ந்த பின்னும் டைட்டன் நின்றது. 2007இல் பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பெல்ஃபாஸ்டின் கப்பல் தளக் கிரேன்களான சாம்சனும் கோலியாத்தும் அந்நகரத்தின் அடையாளமாகி, சட்டப்படி பாதுகாக்கப்படும் சின்னங்களாயின. கப்பல் தளம் ஓரிடத்தில் இருந்ததால் கிரேனும் ஓரிடத்தில் இருந்தது; ஊர் அதை நினைவில் வைத்தது. மால்மோவின் கிரேன் மட்டும் 2002இல் ஒரு டாலர் விலைக்குத் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனத்துக்குப் போய், கழற்றப்பட்டு உல்சானுக்குக் கப்பலேறியதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெயர்ச்சி அந்நகர மக்களுக்கு ஓர் இழப்பாகவே பட்டது; ‘மால்மோவின் கண்ணீர்’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெயர்வது அந்தக் கிரேனின் இயல்பாக இருந்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

பெயர்வதையே இயல்பாகக் கொண்ட கிரேன்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து உருவாயின. அணுமின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கப்பல் தளம் இல்லாத இடங்களில் எழுந்தன. தொழிற்சாலையிலேயே முழுதாக முடித்துக் கொண்டுவந்த கலன்களை அங்கே ஓரிரு நாள் மட்டும் தூக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மானிடோவாக், சங்கிலித்தடக் கிரேனைச் சுற்றி ஒரு வட்டத் தண்டவாளத்தை அமைத்து அதன் திறனைப் பெருக்கியது. லாம்ப்சன் நிறுவனம் தூக்கும் கையான பூமையும் எதிர் எடையையும் தனித்தனிச் சங்கிலித்தட வண்டிகளில் ஏற்றியது. டெமாக் தன் சிசி 8800 வகையில் இரண்டு பூம்களை இணைத்து 3,200 டன்னை எட்டியது. லீபெர் 2012இல் எல்ஆர் 13000 மூலம் 3,000 டன்னைத் தொட்டது. இவற்றின் உண்மையான அளவுகோல் டன் அல்ல, திருப்புத்திறன்: எடையைத் தூரத்தால் பெருக்கிவரும் தொகை. இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் அணுமின் நிலையப் பணியில் 2019 முதல் நின்ற சாரென்ஸ் நிறுவனத்தின் ‘பிக் கார்ல்’ 5,000 டன் தூக்க வல்லது. ஆனால் உலகம் பார்த்த அதன் தூக்கல், 2023 டிசம்பரில் உலைக் கட்டடத்தின் மேல் வைத்த 245 டன் கவிகை மட்டுமே. முழுத் திறனில் இருபதில் ஒரு பங்குதானே என்று இதைக் குறைத்து எண்ணுபவர், அந்தக் கவிகை எவ்வளவு உயரத்துக்கு எழுந்து எவ்வளவு தொலைவு கடந்து இறங்கியது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 5,200 டன் எதிர் எடையை அதன் கொள்கலன்களில் நிரப்பித்தான் அந்தத் தொலைவு வாங்கப்பட்டது. ஏறத்தாழ 280 லாரிச் சுமைகளாக வந்து இறங்கிய அந்த இயந்திரம், பணி முடிந்தால் அதே வழியில் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இத்தகைய கிரேனுக்கு நிரந்தரமான உருவமே இல்லை. பூமின் நீளம், முன்கையின் கோணம், எதிர் எடையின் அளவு எல்லாமே பணிக்குப் பணி மாறுகின்றன. எந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. இந்த வெற்றிடத்தில்தான் சிறுமாதிரி ஓர் ஆவணமாகிறது. 1968இல் தொடங்கிய என்இசட்ஜி, கெஷா என்ற நிறுவனத்தின் மரபிலிருந்து வந்த கான்ராட் போன்ற நூரம்பெர்க் வட்டார நிறுவனங்கள் பூமைத் துண்டு துண்டாகப் பூட்டும்படி செய்ததை நான் வெறும் விற்பனை உத்தியாகப் பார்க்கவில்லை. பிரித்துப் பூட்டுவதே அந்த இயந்திரத்தின் சாரம் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

இவை கிரேன் தயாரிப்பாளர்களும் வாடகை நிறுவனங்களும் கேட்டுச் செய்வித்த விளம்பரப் பொருள்கள், இவற்றை ஆவணம் என்பது மிகை என்று மறுப்போர் உண்டு. தோற்றம் பற்றி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் விளம்பர நோக்கமே சில செய்திகளைத் துல்லியமாகப் பதிய வைத்தது: எந்த நிறுவனம், எந்த வண்ணத்தில், எந்த வகைக் கிரேனை வைத்திருந்தது என்பதை. நெதர்லாந்தின் கிரேன் வாடகை நிறுவனமான வான் சியூமெரன் 2000இல் மம்மூட்டுடன் இணைந்தது. பழைய பெயர் தாங்கிய சிறுமாதிரிகள் அந்த இணைப்புக்கு முந்திய உடைமையை இன்றும் காட்டுகின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 1:50 அளவில் நீளம் ஐம்பதில் ஒன்றாகக் குறையும்போது எடை 1,25,000இல் ஒன்றாகக் குறைகிறது. 3,000 டன் சுமை வெறும் 24 கிலோவாகிவிடும். 250 மீட்டர் உயரமுள்ள பிக் கார்ல் 5 மீட்டராகும். இந்த அளவில் தன் எடையால் வளையும் ஆபத்து பூமுக்குப் பெரிதாக இல்லை. ஆகவே கிரேனின் பொறியியல் போராட்டம் முழுவதும், அதாவது வளைவும் காற்றும் நிலத்தின் அழுத்தமும், சிறுமாதிரியில் காணாமல் போகிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். விசைகளைப் பற்றிச் சிறுமாதிரி எதுவும் சொல்லாது. அதற்குச் சுமை அட்டவணைகளும் தூக்கல் வரைபடங்களும் வேண்டும். ஆனால் அமைப்பைப் பற்றி, அதாவது எந்தக் கயிறு எந்தக் கப்பி வழியே எங்கே போகிறது, எதிர் எடை பூமிலிருந்து எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பதைப் பற்றி, அதற்கு இணையான சான்று அரிது. அந்த இரண்டு வகைச் சான்றுகளும் ஒரே பணியைப் பற்றியனவாக இருக்க வேண்டும். எனவே ஒரு சிறுமாதிரியைப் பெட்டியில் வைக்கும் சேகரிப்பாளர், அது எந்தத் தளத்தின் எந்த அமைப்பைக் காட்டுகிறது என்பதையும் அதனுடன் எழுதி வைக்க வேண்டும். பூமின் நீளமும் எதிர் எடையும் குறிக்கப்படாத மாதிரியால் ஆய்வாளருக்குக் கிடைப்பது நிறமும் பெயரும் மட்டுமே.