பெட்டி மாறிய கடிதங்கள்: சென்னையில் மின்னஞ்சல் இடமாற்றத்தின் வரலாறு

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கோ, பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கோ மின்னஞ்சலை மாற்றுவது வெறும் கோப்பு நகல் எடுக்கும் வேலை அல்ல. கடிதங்கள் ஒரு வழியில் போகும், தொடர்புப் பட்டியல் வேறொரு வழியில் போகும். முகவரியோ சில சமயம் பழைய நிறுவனத்திடமே தங்கிவிடும். இவை மூன்றும் தப்பினாலும், கடிதத்தில் இருக்கும் தமிழ் தமிழாகத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. சென்னையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த இடமாற்றங்களில் கூடுதல் இடருக்கு உள்ளானவை தமிழில் எழுதப்பட்ட கடிதங்கள்.

நகரின் முதல் மின்னஞ்சல்கள் கல்வி நிறுவனங்களுக்குள் நடந்தவை. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகம், அதாவது விஎஸ்என்எல், பம்பாய், டெல்லி, கல்கத்தா, மதராஸ் நகரங்களில் அன்று சேவையைத் தொடங்கியது. மதராஸ் வாடிக்கையாளர்களின் முகவரி ‘கியாஸ்எம்டி01’ என்ற வழங்கியின் பெயரோடு முடியும். ‘எம்டி’ ஊரைக் குறித்தது. மறு ஆண்டு ஊரின் பெயர் சென்னை ஆன பிறகும் முகவரியில் மதராஸ் நீடித்தது.

கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளுக்கு இந்தச் சேவை வேகமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1970களில் நேர்கோட்டுத் தெருக்களாக அமைத்த பகுதி அது. பி.டி. ராஜன் சாலை, முனுசாமி சாலை, அழகிரிசாமி சாலை என்று சாலைகளுக்குப் பெயர் வைத்து, மாதச் சம்பளக்காரர்களுக்கு வீடும் மனையும் ஒதுக்கிய பகுதி. அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை 1990களின் பிற்பாதியில் மென்பொருள் வேலைக்கு வெளிநாடு போகத் தொடங்கியது. ஐஎஸ்டி அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கரைந்த காலம் அது. கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியும் ஒரு மோடமும் வீட்டுக்கு வந்துவிட்டால், கடிதம் சில நொடிகளில் போய்ச் சேரும். பக்கத்து வடபழனி, கோடம்பாக்கத்துத் திரைத்தொழிலை நம்பி இங்கே குடியிருந்தவர்களுக்கும், வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கும் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன.

விஎஸ்என்எல் விற்ற இணைப்புகளில் மலிவானது ‘ஷெல்’ கணக்கு. எழுத்து மட்டுமே தெரியும் திரையில் ‘பைன்’ என்ற நிரலைத் திறந்து கடிதம் படிக்க வேண்டும். கடிதங்கள் நிறுவனத்தின் கணினியிலேயே கிடக்கும், வீட்டுக்கு வருவதில்லை. விலை கூடிய டிசிபி-ஐபி கணக்குக்கு மாறியவர்கள் யூடோராவையோ நெட்ஸ்கேப்பையோ வீட்டுக் கணினியில் நிறுவி, பாப் நெறிமுறை வழியாகக் கடிதங்களை இறக்கிக்கொண்டார்கள். பாப் வழக்கமாகச் செயல்படும் முறையில், கடிதம் வீட்டுக்கு வந்ததும் வழங்கியிலிருந்து அழிந்துவிடும். ஆக, சென்னை வீடுகளில் நடந்த முதல் இடமாற்றமே கடிதங்களின் ஒரே பிரதியை வீட்டு ஹார்டு டிஸ்க்குக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பின்னால் நேர்ந்த இழப்புகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

யூடோரா நல்ல மென்பொருள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988இல் எழுதியது. பின்னர் குவால்காம் அதை வாங்கிக்கொண்டது. கடிதங்களை யுனிக்ஸ் உலகில் பழகிய ‘எம்பாக்ஸ்’ முறையை ஒட்டிச் சேமித்தது. ஒரு கோப்புறைக்கு ஒரே நீண்ட உரைக்கோப்பு. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் ஒரு வரி. சாதாரண நோட்பேடில் திறந்தால்கூட கடிதம் படிக்கக் கிடைக்கும். அதனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் யூடோரா கடிதங்களை மீட்க முடிந்தது. ஆனால் இணைப்புகளை அது கடிதத்திலிருந்து பிரித்துத் தனிக் கோப்புறையில் போட்டுவிடும். அந்த இடத்தில் கோப்பின் பாதையைச் சொல்லும் ஒரு வரியை மட்டும் எழுதி வைக்கும். வேறு மென்பொருளுக்கு மாறியவர்களுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தோடு வந்த குழந்தையின் படம் வரவில்லை. இல்லாமல் போன ஒரு சி டிரைவின் பாதை மட்டும் வரியாக நின்றது.

அந்த மாற்றம் பெரும்பாலும் அவுட்லுக் எக்ஸ்பிரஸை நோக்கியே நடந்தது. 1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் இலவசமாக வந்த நிரல் அது. தனியாக நிறுவ வேண்டியதில்லை என்பதால் கே.கே. நகர் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் அதுவே நிலைத்தது. ஐந்தாம் பதிப்பிலிருந்து கடிதங்கள் ‘டிபிஎக்ஸ்’ என்ற கோப்புகளிலும், தொடர்புகள் ‘வேப்’ என்ற தனிக் கோப்பிலும் தங்கின. டிபிஎக்ஸ் கோப்பு நோட்பேடில் திறந்து படிக்கக் கூடியது அல்ல. அது இருந்த இடமோ விண்டோஸ் எக்ஸ்பியில் பயனர் கோப்புறைக்குள், மறைக்கப்பட்ட ஓர் அடுக்குக்குள், நீண்ட எண்வரிசையைப் பெயராகக் கொண்ட ஒரு துணைக்கோப்புறைக்குள்.

இதன் விளைவு அன்றைய கணினிப் பழுதுபார்ப்பில் தெரிந்தது. வைரஸ் புகுந்தாலோ விண்டோஸ் மெதுவானாலோ சர்வீஸ்காரர் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: ‘ஃபார்மட் போட்டுடலாம் சார், பேக்கப் எடுத்துடறேன்’. அவர் மை டாக்குமெண்ட்ஸையும் டெஸ்க்டாப்பில் கிடந்ததையும் டி டிரைவுக்கு நகலெடுப்பார். சி டிரைவைத் துடைப்பார். புகைப்படங்கள் தப்பிவிடும். மறைந்த கோப்புறையில் கிடந்த ஐந்தாறு ஆண்டுக் கடிதங்கள் போய்விடும். இழப்பு அன்றைக்கே தெரியாது. பழைய கடிதம் ஒன்றைத் தேடும் நாளில்தான் தெரியும். விவரம் தெரிந்த சர்வீஸ்காரர்கள் முதலில் அந்த டிபிஎக்ஸ் கோப்புறையையும் வேப் கோப்பையும் எடுத்து ஒரு சிடியில் எழுதிக் கொடுத்தார்கள். எந்த வரலாற்றிலும் பெயர் வராத அவர்களால்தான் பல குடும்பங்களின் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

அலுவலகங்களில் ஆண்ட மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் சிக்கல் வேறு. கடிதம், தொடர்பு, நாட்காட்டி எல்லாவற்றையும் ‘பிஎஸ்டி’ என்ற ஒரே கோப்பில் அது வைத்தது. பழைய வடிவ பிஎஸ்டியின் உச்ச வரம்பு 2 ஜிபி. அதைத் தொட்டதும் கோப்பு திறக்காமல் போவதும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியேற்றத்தோடு அவுட்லுக் 2003இல் வந்த புதிய பிஎஸ்டி, வரம்பை 20 ஜிபிக்கு உயர்த்தியது. ஆனால் புதிய பதிப்பை நிறுவியதால் மட்டும் பழைய கோப்பு வடிவம் மாறிவிடாது. புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, கடிதங்களை அதற்குள் நகர்த்த வேண்டும். பதிப்பு புதிது, கோப்பு பழையது என்று ஓடிக்கொண்டிருந்த அலுவலகங்கள் 2 ஜிபி வந்த நாளில் தடுக்கி விழுந்தன.

தமிழ்க் கடிதங்களின் கதை இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. 1990களில் தமிழ் மின்னஞ்சல் எழுத்துருவைச் சார்ந்தே இயங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய ‘மயிலை’ எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ எனப் பல அமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளை வெவ்வேறு எண்களில் வைத்தது. இணையவழி கூடிய ஆர்வலர்கள் ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை அடுத்து, ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. யுனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் அது மேசைக் கணினிக்கு எட்டியது.

திஸ்கியில் எழுதிய கடிதம் எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்பதைத் தன் தலைப்பில் சரியாகச் சொல்லாது. படிப்பவர் தன் மென்பொருளில் எழுத்துருவை மாற்றிவைத்திருப்பார், அவ்வளவுதான் ஏற்பாடு. அதே கடிதத்தை எல்லாவற்றையும் யுனிகோடாகக் கொள்ளும் புதிய பதிப்புக்கு இறக்கினால், அது அந்த எண்களை மேலை ஐரோப்பிய எழுத்துகளாக எடுத்துக்கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல் திரையில் முக்கால் பின்னக் குறி, தலையில் சாய்கோடு ஏறிய ஏ, செண்ட் நாணயக் குறி, கோடு ஏறிய யு என நான்கு சின்னங்களாகத் தோன்றும். அம்மா எழுதிய கடிதம் முழுவதும் இப்படிப் பின்னங்களும் நாணயக் குறிகளுமாக நின்றால், கடிதம் கெட்டுவிட்டது என்றே எவரும் நினைப்பார்கள். அப்படி நினைத்து அழித்தவர்கள் உண்டு.

உண்மையில் அந்தக் கடிதம் கெடவில்லை. எண்கள் அப்படியே இருக்கின்றன. படிக்கும் திறவுகோல்தான் மாறியிருக்கிறது. ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’, சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இத்தகைய உரையை யுனிகோடாக மாற்றித் தந்தன. மாற்றிக்கு எண்ணுக்கு எண் பதிலிட்டால் போதாது. ‘கொ’ என்ற எழுத்தை திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று வைக்கும். யுனிகோடு முதலில் க, அதன் பின் உயிர்க்குறி என்று வைக்கும். இடப்பக்கம் குறி வரும் ஒவ்வொரு எழுத்தையும் இப்படி வரிசை மாற்றி அடுக்க வேண்டும்.

மீட்கவே முடியாத கடிதங்களும் உண்டு. புதிய நிரல் தனக்குத் தெரியாத எழுத்தைக் கண்டு கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிட்டால், எல்லா எழுத்தும் ஒரே குறியாகிவிடும். திரும்பிப் போக வழியில்லை. ஆகவே பின்னமும் நாணயக் குறியும் தெரிந்தால் நம்பிக்கை இருக்கிறது. கேள்விக்குறி வரிசையாக நின்றால் இல்லை. இந்த ஒரு வேறுபாடு அன்று பரவலாகத் தெரிந்திருந்தால் எத்தனையோ கடிதங்கள் பிழைத்திருக்கும். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்றது. அதற்குள் வீடுகள் பெரும்பாலும் யுனிகோடுக்கு வந்துவிட்டன.

தொடர்புப் பட்டியலிலும் தமிழருக்கென்று ஒரு சிக்கல் இருந்தது. மேலைநாட்டு மென்பொருள்கள் பெயரை ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்று பிரிக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடும் ஊரில் குடும்பப்பெயர் ஏது? ‘எஸ். முருகன்’ என்று எழுதினால் முருகன் குடும்பப்பெயர் ஆவார், ‘முருகன் எஸ்.’ என்று எழுதினால் ‘எஸ்’ குடும்பப்பெயர் ஆகிவிடும். ஒரே பட்டியலில் இரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். புதிய மென்பொருளுக்கு மாற்றியதும் பாதிப் பேர் மு வரிசையிலும் பாதிப் பேர் எஸ் வரிசையிலும் போய் நிற்பார்கள். ஒரே ஆள் இரு முறை வருவார். போதாததற்கு, 2000களின் தொடக்கத்தில் சென்னையின் ஏழு இலக்கத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்தது. பட்டியலில் இருந்த உள்ளூர் எண்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

முகவரியே மாறியது இன்னொரு தொல்லை. 1998இன் இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்டதும், சத்யம் இன்ஃபோவே, டிஷ்நெட் என்று சென்னையிலேயே போட்டியாளர்கள் வந்தனர். இணைப்பை மாற்றினால் முகவரியும் போகும். டிஷ்நெட்டின் இணையத் தொழிலை 2004இல் விஎஸ்என்எல்லே வாங்கியது. அந்த விஎஸ்என்எல் 2002இலேயே டாட்டா குழுமத்திடம் போயிருந்தது. முகவரி மாறும்போதெல்லாம் எல்லோருக்கும் ‘புது ஐடி குறிச்சுக்கோங்க’ என்று ஒரு சுற்றுக் கடிதம் போகும். அது கிடைக்காதவரோடு தொடர்பு அறுந்துபோகும்.

இதனாலேயே ஹாட்மெயில், யாஹூ, 2004 ஏப்ரலில் 1 ஜிபி இடத்தோடு வந்த ஜிமெயில் ஆகியவை வென்றன. இணைப்பு எவரிடம் இருந்தாலும் முகவரி ஒன்றே. கடிதங்களை வழங்கியிலேயே வைத்துக் கையாள உதவும் ஐமேப் நெறிமுறையை ஜிமெயில் 2007இல் திறந்ததும், பழைய நிரலிலேயே ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, வீட்டுக் கணினியில் கிடந்த கடிதங்களை இழுத்து அதில் போட முடிந்தது. அன்றைய பிராட்பேண்டின் பதிவேற்ற வேகத்தில் ஆண்டுக்கணக்கான கடிதங்கள் ஏற இரவு முழுதும் ஆகும். அதைச் செய்தவர்கள் 2015 டிசம்பரில் பயனடைந்தார்கள். அடையாற்று வெள்ளம் பக்கத்து ஜாபர்கான்பேட்டையை மூழ்கடித்து, கே.கே. நகர்த் தெருக்களிலும் தண்ணீர் நின்றபோது, தரைத்தளக் கணினிகள் நனைந்து வீணாயின. டிபிஎக்ஸ், பிஎஸ்டி கோப்புகளாக மட்டும் இருந்த கடிதங்களும் அவற்றோடு போயின.

மென்பொருள் பக்கத்தில், விண்டோஸ் விஸ்டா அவுட்லுக் எக்ஸ்பிரஸைக் கைவிட்டு விண்டோஸ் மெயிலைத் தந்தது. கடிதத்துக்கு ஒரு கோப்பு என்பது அதன் முறை. பின்னர் வந்த விண்டோஸ் லைவ் மெயில் 2017இல் ஓய்ந்தது. விண்டோஸ் 10இன் மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்து, ‘புதிய அவுட்லுக்’ அந்த இடத்துக்கு வந்தது.

இந்தியாவில் நடந்த மிகப் பெரிய இடமாற்றங்களில் ஒன்று சென்னை நிறுவனத்தின் கையில் முடிந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோஹோ, தன் மின்னஞ்சல் சேவையை 2008இல் வெளியிட்டது. 2023இல் மத்திய அரசின் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தைப் பெற்றது. தேசிய தகவலியல் மையத்திடம் இருந்த ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் சோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டதை 2025இல் செய்திகள் தெரிவித்தன. இங்கே முகவரி மாறவில்லை. அரசின் சொந்த டொமைன்களே தொடர்ந்தன. ‘புது ஐடி’ என்ற சுற்றுக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு அலுவலகமும் இன்று அதே வழியில்தான் மாறுகிறது. பழைய கடிதங்களை ஐமேப் வழியாக முதலில் நகலெடுப்பார்கள். பிறகு, வரும் அஞ்சல் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைனின் எம்எக்ஸ் பதிவைப் புதிய சேவைக்குத் திருப்புவார்கள். திருப்பும் நேரத்தில் பழைய பெட்டிக்கு வந்து சேர்ந்தவற்றுக்காக இரண்டாம் முறை நகலெடுப்பார்கள். ஐமேப் தொடர்புகளைச் சுமப்பதில்லை என்பதால் அவை விகார்டு அல்லது சிஎஸ்வி கோப்பாகத் தனியே போகின்றன. தமிழில் பெயர்களைச் சேமித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. 2011இல் வந்த விகார்டு 4.0 யுனிகோடின் யுடிஎஃப்-8 குறியேற்றத்தை மட்டுமே ஏற்கிறது, ஆகவே பெயர் கெடாது. சிஎஸ்வி கோப்பை யுடிஎஃப்-8 என்று குறிப்பிடாமல் விரித்தாள் நிரலில் சேமித்தால், முருகன் மறுபடியும் கேள்விக்குறிகளாகிவிடுவார்.