சொன்ன சொல்லும் செய்த செயலும்: மைசூர் மக்கள்தொகை ஆய்வு விட்டுச்சென்ற கேள்வி

1951-52ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நகரத்திலும் அன்றைய மைசூர் மாநிலத்தின் சில ஊரகப் பகுதிகளிலும் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். ஐக்கிய நாடுகள் அவையும் இந்திய அரசும் இணைந்து நடத்திய அந்தக் கள ஆய்வு, 1961இல் ‘மைசூர் மக்கள்தொகை ஆய்வு’ என நூல்வடிவம் பெற்றது. பிறப்பு, இறப்பு, திருமண வயது ஆகியவற்றோடு அது நிற்கவில்லை. எத்தனை குழந்தைகள் போதும், கருத்தடை முறைகளைக் கற்றுக்கொள்ள விருப்பமா என்றும் தம்பதியரிடம் கேட்டது. மக்களின் எண்ணத்தை எண்ணாக்க முயன்ற தொடக்ககால இந்திய ஆய்வுகளுள் அது ஒன்று.

களமாக மைசூர் அமைந்தது பொருத்தமே. 1930இலேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க ஒப்புதல் அளித்த சமஸ்தானம் அது. வசதி அளித்தால் மக்கள் பயன்படுத்துவர் என்ற நம்பிக்கை அங்கே பழையது. ஆய்வின் விடைகளும் அந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தன. விருப்பம் தெரிவித்தோர் பலர். நடைமுறையில் கருத்தடையைக் கைக்கொண்டோர் மிகச் சிலர்.

அந்த இடைவெளியின் உட்புறத்தைக் காட்டியது பெங்களூருக்குத் தென்மேற்கே உள்ள இராமநகரம். காந்தியவாதியான நலத்துறை அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் செயற்கைச் சாதனங்களை விரும்பவில்லை. அவரது அழைப்பின்பேரில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் வந்த அமெரிக்க மருத்துவர் ஏபிரகாம் ஸ்டோன், மாதச் சுழற்சியில் பாதுகாப்பான நாள்களைக் கணக்கிடும் முறையைப் பரிந்துரைத்தார். 1952இல் தொடங்கிய சோதனை, தில்லியின் லோதி குடியிருப்பிலும் இராமநகரத்திலும் நடந்தது. பெண்களுக்கு மணிமாலை தரப்பட்டது: பச்சை மணி பாதுகாப்பான நாள், சிவப்பு மணி தவிர்க்கவேண்டிய நாள். இருளில் நிறம் தெரியவில்லை என்பதால் மணிகளின் வடிவத்தை மாற்ற நேர்ந்தது. மணியை நகர்த்தினாலே கரு உண்டாகாது என்று நம்பியவர்களும் இருந்தனர். கற்க முன்வந்தோரில் தொடர்ந்து கடைப்பிடித்தோர் சொற்பமே.

இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் மணி சிவப்பாக இருக்கும் நாளில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? மாலை மனைவியின் கையில் இருந்தாலும் முடிவு அவள் கையில் இல்லை.

இந்த வேறுபாட்டை உளவியல் பின்னரே முறைப்படுத்தியது. 1975இல் ஃபிஷ்பைனும் ஐசனும் மனப்பாங்கும் சுற்றத்தாரின் எதிர்பார்ப்பும் எண்ணத்தை உருவாக்குகின்றன, எண்ணம் நடத்தையை உருவாக்குகிறது என்றனர். அது போதவில்லை என்று கண்ட ஐசன், ‘தன்னால் இயலும்’ என்ற உணர்வை மூன்றாவது காரணியாகச் சேர்த்தார். 1991இல் விரிவாக வெளிவந்த அவரது திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டில் இந்த உணர்வு இரு வழிகளில் செயல்படுகிறது. ஒன்று, எண்ணத்தை வலுப்படுத்துகிறது. மற்றொன்று, நடத்தையை நேரடியாகவே முன்கணிக்கிறது. இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இயலும் என்ற உணர்வு உண்மையான இயலுமைக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். ஆர்மிட்டேஜும் கான்னரும் 2001இல் 185 தனி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சராசரியாக 27 விழுக்காட்டையே இக்கோட்பாடு விளக்கியது. எஞ்சியதில் அளவீட்டுப் பிழையும் உண்டு, இராமநகரத்து இரவுகளும் உண்டு.

அளவீட்டுப் பிழை என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர், மைசூர் ஆய்வில் முக்கியப் பங்காற்றிய சி. சந்திரசேகரன். 1949இல் டெமிங்குடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை, பதிவாகாத பிறப்புகளை மதிப்பிட வழிகாட்டியது. ஓர் எடுத்துக்காட்டு: பதிவேட்டில் 80 பிறப்புகள், தனியே நடந்த கணக்கெடுப்பில் 75, இரண்டிலும் இடம்பெற்றவை 60. அப்படியானால் மொத்தம் 80-ஐ 75ஆல் பெருக்கி 60ஆல் வகுத்த 100. இரண்டு பட்டியல்களிலும் சேர்த்துக் கிடைப்பவை 95. இரண்டிலும் தப்பியவை 5. இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதே இதன் அடிப்படை.

பிறப்புக்கு இரண்டாவது பட்டியல் உண்டு. எண்ணத்துக்கு இல்லை. வந்தவர் மனம் கோணாதபடி சொன்ன ‘ஆம்’ எது, உறுதியான ‘ஆம்’ எது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏடு கிடையாது. பஞ்சாபின் கன்னா ஆய்வை மறுபரிசீலனை செய்த மஹ்மூத் மம்தானி, 1972இல் இதைத்தான் சுட்டினார். கொடுத்த மாத்திரைகளை மறுக்காமல் வாங்கிக்கொண்ட பலர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. உழைக்கும் கைகள் தேவைப்பட்ட வேளாண் குடும்பங்களுக்குக் குழந்தைகள் சுமையாக இல்லை.

ஆக, ஒரே இடைவெளிக்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள்: விருப்பமே உண்மையானதன்று, விருப்பம் உண்மை, வழி இல்லை, வழியும் உண்டு, முடிவெடுக்கும் உரிமை இல்லை. தொடர்புப்போக்குச் சமன்பாட்டில் இம்மூன்றும் ஒரே எச்சப்பிழையாகக் கலந்து தோன்றலாம். கொள்கையில் மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. அரசோ நான்காவது விளக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது: மக்களுக்கு உந்துதல் போதவில்லை. அந்த வழி இலக்குகளுக்கும் ஊக்கத்தொகைக்கும் இட்டுச்சென்றது. நெருக்கடிநிலையின்போது வற்புறுத்தலாக முற்றியது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வு அந்த இடைவெளியை ‘நிறைவேறாத தேவை’ என்று அளக்கிறது. பெயர் மாறியதில் பொறுப்பும் இடம் மாறியிருக்கிறது: முன்பு மக்களின் குறையாகக் கருதப்பட்டது இப்போது அரசின் கடன். ஆனால் அந்தத் தேவை யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது என்பதை அந்த ஒற்றை எண்ணும் சொல்வதில்லை. வினாத்தாளில் ‘உங்களால் இயலுமா’ என்று கேட்கும் மாணவர், அந்த ‘உங்கள்’ யாரைக் குறிக்கிறது என்பதையும் அடுத்த வினாவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.