கேப் டவுன்: மலைச்சரிவில் எழுந்த பாங்கோசை

விடுமுறைக்கு வெளிநாடு செல்ல எண்ணும் குடும்பத்தார் நம்மிடம் முதலில் கேட்பது, "அங்கே ஹலால் உணவு கிடைக்குமா?" என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைப் பொறுத்தவரை, "கிடைக்கும்" என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்து முடித்துக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல். மறுபக்கம் 1,086 மீட்டர் உயரத்தில், உச்சி தட்டையாக அமைந்த மேசை மலை. இடையிலுள்ள சரிவுகளில் ஊர். அவ்வூரில் இன்று எவ்விதத் தயக்கமுமின்றி நாம் உண்ணும் உணவுக்குப் பின்னால், இஸ்லாமிய வணக்கத்தைப் பகிரங்கமாக நிறைவேற்றத் தடையிருந்த நூற்றைம்பது ஆண்டுகள் உள்ளன.

1652ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தன் கப்பல்களுக்கான நிலையத்தை அமைத்தது. கம்பெனியின் பத்தாவியாச் சட்டம் சீர்திருத்தக் கிறிஸ்தவம் தவிர வேறெந்த மதத்தின் பகிரங்க வழிபாட்டையும் அனுமதிக்கவில்லை. 1808 வரையிலான காலத்தில் சுமார் 63,000 பேர் அடிமைகளாக அங்கு இறக்கப்பட்டனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தார். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் கோட்டை வைத்திருந்த காலம் அது. அடிமையாக்கப்பட்டவரின் பெற்றோர் இட்ட பெயர் போய், ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது: 'வான் சிலோன்', 'வான் மலபார்', 'வான் பெங்காலன்', 'வான் டி குஸ்ட்'. கடைசியாகச் சொன்னதற்குக் 'கரையைச் சேர்ந்தவர்' என்று பொருள். எந்தக் கரை? நம் சோழமண்டலக் கரைதான்.

அடிமைகளோடு அரசியல் கைதிகளும் வந்தனர். அவர்களில் முதன்மையானவர் ஷெய்கு யூசுப் மக்காஸரி (ரஹ்) அவர்கள். இன்றைய இந்தோனேசியாவின் மக்காஸர் பகுதியில் 1626இல் பிறந்து, யமன், மக்கா, மதீனா, டமாஸ்கஸ் ஆகிய இடங்களில் கல்வி கற்று, கல்வத்திய்யா தரீக்காவின் ஷெய்காக விளங்கிய பேரறிஞர். பாந்தன் சுல்தானின் பக்கம் நின்று டச்சுக்காரரை எதிர்த்தமையால் 1683இல் சிறைப்பிடிக்கப்பட்டு, மறு ஆண்டே இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கும் அவர் வாளாவிருக்கவில்லை, நூல்கள் எழுதினார். ஹஜ்ஜுப் பயணத்தில் இலங்கையில் தங்கிச் சென்றவர்கள் வாயிலாக அவருடைய எழுத்துகள் தாயகத்தை எட்டின. இதைக் கண்டு அஞ்சிய கம்பெனி, 1694இல் குடும்பத்தார், சீடர்கள் உள்ளிட்ட 49 பேருடன் அவரைக் கேப் பகுதிக்கு அனுப்பியது. நகரத்து மக்களோடு தொடர்பு கூடாதென்று தொலைவிலிருந்த ஸாண்ட்விலிட் பண்ணையில் குடியமர்த்தினர். ஓடிவந்த அடிமைகள் அந்தப் பண்ணையையே தேடிச் சென்றார்கள். 1699இல் அவர் மறைந்தார். அவ்விடத்தின் பெயர் இன்று மக்காஸர். 2005ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு உயரிய தேசிய விருதொன்றை வழங்கியது.

அடுத்தவரைப் பற்றி எழுதும்போது மத்ரஸாவில் ஓதிக்கொடுப்போரின் உள்ளம் தானாகவே கனிகிறது. தீதோரே தீவின் அரச குடும்பத்தில் பிறந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு, ராபன் தீவில் சுமார் 12 ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டார். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா அடைக்கப்பட்டதும் அதே தீவில்தான். அங்கே இமாமவர்கள் குர்ஆனை நினைவிலிருந்தே முழுமையாக எழுதினார். அகீதாவையும் சட்டங்களையும் விளக்கும் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட 'மஃரிபத்துல் இஸ்லாம் வல் ஈமான்' என்னும் நூலை அரபியிலும் மலாயிலும் 1781இல் எழுதி முடித்தார். நம் மத்ரஸாக்களில் பிள்ளைகள் மனனம் செய்யும் அல்லாஹ்வின் இருபது ஸிபத்துகள், இமாம் ஸனூஸி (ரஹ்) அவர்களின் வழியில் அந்நூலிலும் இடம்பெற்றுள்ளன.

விடுதலையானதும் அவர் முதலில் தொடங்கியது ஒரு மத்ரஸா. அடிமைப் பிள்ளைகளும் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து ஓதினர். மக்கள் அவரைத் 'துவான் குரு' என்று அழைத்தனர். 'பெருமதிப்பிற்குரிய ஆசான்' என்பது பொருள். போ-காப் மேட்டின் டார்ப் தெருவிலுள்ள அவ்வல் பள்ளிவாசல் அவருடைய முயற்சியில் எழுந்தது. தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் அதுவே. அந்த மனையை 1794இல் வாங்கியவர் விடுதலை பெற்ற ஓர் அடிமை. பெயர் கோரிடன் வான் சிலோன். இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவருக்குச் சொந்தமான நிலத்தில் தொழுகை நிலைபெற்றது என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவோம்? பின்னர் அம்மனை அவருடைய மகள் சார்ட்ஜி அம்மையாரின் கைக்கு வந்தது. அவர் காலத்திலும் அது பள்ளிவாசலாகவே நீடித்தது. துவான் குரு கைப்பட எழுதிய குர்ஆன் பிரதியொன்று அங்கே பாதுகாக்கப்படுகிறது.

மதச் சுதந்திரம் 1804இல்தான் சட்டமாயிற்று. மறு ஆண்டு கிடைத்த கப்ருஸ்தானமே தானா பாரு. துவான் குரு 1807இல் மறைந்து அங்கேயே அடக்கமானார். 1886 ஜனவரியில் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி அதை மூடியபோது, சுமார் 3,000 முஸ்லிம்கள் ஒரு குழந்தையின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து மேட்டின்மீது ஏறி, தடையை மீறி அங்கேயே அடக்கினர். ஜனாஸாவைத் தோளில் சுமந்து செல்லும் உரிமைக்காகவும் போராடிய சமுதாயம் அது.

ஹலால் பற்றிய கேள்விக்கு வருவோம். அம்மக்களின் உட்பூசல்களைத் தீர்க்க ஒரு மார்க்க அறிஞர் தேவையெனப் பிரிட்டிஷ் அரசு உதுமானியக் கலீபாவிடம் வேண்ட, குர்தியரான அபூபக்கர் எஃபெந்தி 1863இல் வந்து சேர்ந்தார். அரபு எழுத்தில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை எழுதி 'பயானுத்தீன்' என்னும் சட்ட நூலைப் படைத்தார். அது இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. அரபுத்தமிழில் கிதாபுகள் ஓதி வளர்ந்த நம் பாட்டிமார்க்கு அந்நூலைக் காட்டியிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் எஃபெந்தி ஹனபி மத்ஹபின்படி தீர்ப்பளித்தார், ஊராரோ ஷாபிஈ. அவர்கள் விரும்பி உண்ட சிங்கி இறாலை அவர் கூடாதென்றதும் பூசல் தீர்வதற்குப் பதிலாகப் பெருகியது. கடலோர ஷாபிஈக்களும் உள்நாட்டு ஹனபிகளும் ஒரே பந்தியில் அமரும் நம் நாட்டாருக்கு இது புதிதன்று. ஒருவர் தட்டை மற்றவர் பழிக்காதிருந்தால் போதும் என்பதே நம் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு சோதனை வந்தது. 1966 பிப்ரவரி 11 அன்று டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் பகுதி வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டோர் மணற்பாங்கான புறநகருக்குத் துரத்தப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பள்ளிவாசல்கள் வெட்டவெளியில் நின்றன. துரத்தப்பட்டோர் தொலைவிலிருந்து பயணம் செய்து வந்து தம் பழைய பள்ளியிலேயே தொழுதனர். நிறவெறிக்கெதிராகப் பேசிய இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்) 123 நாள் தனிமைச் சிறைக்குப்பின் 1969 செப்டம்பர் 27 அன்று காவலில் உயிர்நீத்தார். படிக்கட்டில் விழுந்ததே காரணம் என்றது அன்றைய விசாரணை. சித்திரவதையே காரணம் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் அவசரமின்றிக் காணலாம். போ-காப் மேட்டுத் தெருக்களுக்கே இரண்டு நாள் ஒதுக்குங்கள். வண்ணமடித்த வீடுகளின் முன் படமெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்புவோரே மிகுதி; உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, பிள்ளைகள் ஓதுகின்றனர் என்பதை மறவாதீர்கள். ராபன் தீவுக்குப் படகுச் சீட்டை முன்கூட்டியே பெற்றுக்கொள்க. காற்று மிகுந்தால் படகு செல்லாது. எனவே வாரத்தின் கடைசி நாளுக்கு அதை ஒத்திவைக்க வேண்டாம். சிக்னல் மேட்டிலும் கான்ஸ்டான்ஷியாவிலும் மக்காஸரிலும் இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் உண்டு. அங்கே 'கராமத்' என்பர். ஜியாரத் செய்வதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவோம். ஸலாம் கூறி துஆச் செய்து வருவதில் எவருக்கும் தடையிராது. கான்ஸ்டான்ஷியா மதுவுக்குப் பெயர்போன திராட்சைத் தோட்டங்களின் ஊர். அங்கே உணவகத்தைத் தேர்வதில் கவனம் தேவை.

உணவகங்களில் முஸ்லிம் நீதிக் குழுவின் ஹலால் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அக்குழு 1945இல் தோன்றியது. புளி சேர்த்த ஆட்டிறைச்சியும், தேங்காய்த்தூள் தூவிய கூசிஸ்டர் என்னும் இனிப்பும் நம் நாவுக்குப் புதியனவாகத் தோன்றா. அச்சாரின் பெயர்கூட அங்கே 'அட்சார்'தான்.

தொழுகை பற்றியும் ஒரு சொல். போகும் வரும் நாட்கள் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தவர், ஷாபிஈ மத்ஹபின்படி அங்கே கஸ்ர் செய்யலாகாது. முழுமையாகத் தொழ வேண்டும். ஹனபிகளுக்கு அவ்வெல்லை பதினைந்து நாள். கிப்லாவோ, மேற்கு நோக்கிப் பழகிய நமக்கு அங்கே வடக்கிலிருந்து சற்றே கிழக்காக அமையும். ரமலானை ஒட்டிச் செல்வோர் பிறை பார்க்கும் மாலையில் ஸீ பாயிண்ட் கடற்கரைக்குச் செல்லலாம். பிறை பார்ப்பவர்கள் அங்கே கூடி நிற்பர்; குடும்பங்கள் பிள்ளைகளோடும் உணவுப் பாத்திரங்களோடும் புல்வெளியில் அமர்ந்திருக்கும்; கடலை நோக்கியே மக்ரிபு தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும்.