வானிலிருந்து வரும் விளைச்சல்

வான்வெளி ஆராய்ச்சி என்றவுடன் விண்ணிற் பாயும் ராக்கெட்டு ஒன்றே நம் மனக்கண்முன் நிற்கிறது. அதற்குச் செலவாகும் பெரும்பொருள் சாமானிய மக்களுக்கு எவ்வாறு திரும்பி வருகிறது என்ற வினா நியாயமானதே. அதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சீமையின் வழியே செல்கிறது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகுமுன் இப்பகுதியின் பெரும்பாகம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. இச்சாலையில், சந்திரகிரியை அடையுமுன், காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மாபெரும் ரேடார் ஒன்று நிறுவப்பட்டது. 1,024 ஆண்டெனாக்கள், 130 மீட்டர் சதுரமான களத்தில், பயிர் நட்டாற்போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. இவை வானை நோக்கி வானொலி அலைகளை அனுப்புகின்றன. காற்றின் கொந்தளிப்பில் மோதி அவ்வலைகளின் மிகச் சிறு பகுதி திரும்பி வருகிறது. அதன் அதிர்வெண்ணில் நேர்ந்த மாறுதலைக் கொண்டு, பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கின்றனர். இந்நிலையம் 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என வழங்குகிறது.

வேர்க்கடலை விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்க்கும் உழவருக்கு, இந்த ரேடார் நாளை மழை உண்டென்று நேரே சொல்லிவிடாது. ஆனால் பருவக்காற்றும் இடிமேகமும் உருவாகும் முறையை அறிந்தாலன்றி மழைக் கணிப்புத் திருந்துவதில்லை. அவ்வறிவைச் சேர்ப்பதே இதன் பணி.

கண்கூடான பயன் கடற்கரையில் விளங்கியது. 1977 நவம்பரில் ஆந்திரத்துத் திவிசீமையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 1983-ல் இன்சாட்-1பி துணைக்கோள் விண்ணில் நிலைபெற்றது. அது மேகப் படங்களை அனுப்பியதோடு, ஆந்திர, தமிழகக் கரையோர ஊர்களில் வைக்கப்பட்ட கருவிகள் வாயிலாகப் புயல் எச்சரிக்கையையும் ஒலிபரப்ப உதவிற்று. 1990 மே மாதம் மீண்டும் கடும்புயல் ஒன்று ஆந்திரக் கரையைத் தாக்கியபோது, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். உயிர்ச்சேதம் ஆயிரத்தின் அளவோடு நின்றது. அதுவும் பெரிய இழப்பே. எனினும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வாகும்.

திருப்பதியிலிருந்து நாயுடுபேட்டை, சூளூர்ப்பேட்டை வழியே கிழக்கே சென்றால், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டா கிடக்கிறது. முன்னாளில் இத்தீவின் விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னை அடுப்புகளுக்கு வந்தது. 1969-ல் இதை ராக்கெட்டுத் தளமாகத் தெரிந்தெடுத்தனர். கிழக்கே திறந்த கடல் இருப்பதால் எரிந்து கழியும் பகுதிகள் ஊர்களின்மேல் விழா. பூமியின் சுழற்சியும் ராக்கெட்டுக்கு உந்துதல் தரும். 1971 அக்டோபரில் முதற் சிறு ராக்கெட்டு எழுந்தது. அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, 1979-ல் தோல்வியுற்று, 1980 ஜூலை 18-ல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. தளத்தால் சூளூர்ப்பேட்டை வட்டாரத்தில் வேலையும் வாணிகமும் பெருகின.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். தீவின் காட்டில் கிழங்கும் தேனும் மூலிகையும் சேகரித்தும், ஏரியில் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள் யானாதி மக்கள். தளம் அமைந்தபோது அவர்களுட் பலர் தலைமுறை தலைமுறையாக அறிந்த மண்ணை விட்டுப் பெயர நேர்ந்தது. காட்டறிவே அவர்களது செல்வம். குடிபெயர்ந்த இடத்தில் அச்செல்வம் செல்லுபடியாகவில்லை. புயலிலிருந்து ஒரு கரையையே காக்கும் திட்டத்துக்கு முதல் விலை கொடுத்தவர்கள், அதன் பலனை அடைவதில் கடைசியில் நிற்றல் முறையாகாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கும் பெருமைக்குரிய நாள்கள் வரும். அப்போது, எத்தனை ராக்கெட்டுகள் எழுந்தன என்பதோடு, நிலம் தந்தவர் பிள்ளைகள் எத்தனை பேர் கல்வியும் தொழிலும் பெற்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.